இடிந்த கோயிலும் இடியாத கடனும்

ஒருவன் தன் முன்னோர் செய்த நற்செயலைத் தன்னுடையதென்று கூறி மகிழ்வானாயின், அவர் செய்த தீச்செயலுக்கும் அவன் உரியனாவானோ, ஆகானோ? இவ்வினா கேட்டற்கு எளிது. விடை கூறற்கு அரிது. நூல்களைப் பயின்ற காலத்தில் இஃது எம் உள்ளத்திலே தோன்றியதில்லை. மாணாக்கி ஒருத்தி கேட்ட கேள்விக்கு யாம் கூறிய பொய்யே இதனை எம் முன்னர்க் கொண்டுவந்து நிறுத்திற்று. சைவப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் ஆசிரியர் யாவருக்கும் இவ்வினா என்றேனும் ஒருநாள் எதிர்ப்படுமாதலின், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறி, அதன்மேற் சிந்தித்தவற்றையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

யாம் மட்டக்களப்பு வாவிக்கரையிலே பிறந்தேம். பாதிரிமார் தாபித்த பாடசாலையொன்றிலே கற்றேம். அங்கே எமக்கு ஆங்கிலமும் கணிதமும் நேரந் தவறாமையும் பழக்கிய ஆசிரியர்களுக்கு யாம் பட்ட கடன் பெரிது. ஆயினும் அவருள் ஒருவர் ஒருநாள் வகுப்பிலே சொன்ன சொல் நாற்பது ஆண்டாகியும் எம் நெஞ்சை விட்டு நீங்கிற்றில்லை. "திருக்கோணேசுவரத்தைப் பறங்கியர் இடித்துத் தள்ளினர். தன் வீட்டைக் காக்கமாட்டாத கடவுள் உன்னை எங்ஙனங் காப்பார்?" என்பதே அச்சொல். யாம் அப்பொழுது பன்னிரண்டு வயதினேம். விடை தெரியாது வீட்டுக்கு வந்து அழுதேம்.

பின்னர்ச் சைவசாத்திரங்களைக் கற்றபொழுது விடை புலனாயிற்று. எங்கும் நிறைந்த இறைவனுக்குக் கல்லாலாகிய வீடு வேண்டுவதன்று. உயிர்கள் கூடி வழிபடுதற்கே அது வேண்டும். அது இடிந்தவழிக் குறைவுறுவது உயிர்களின் வழிபாடேயன்றி இறைவன் இருப்பன்று. இடித்தவன் தன் வினையை ஈட்டினான். ஆகவே இடிபாடு இடித்தவன் யாவன் என்பதைக் காட்டுமேயன்றி, அங்கே வணங்கப்பட்ட பொருளின் மெய்ம்மையைப்பற்றி யாதுங் கூறமாட்டாது. இவ்விடையைப் பெற்றபின் 1621 இல் நல்லூரும் 1622 இல் கோணேசுவரமும் இடிக்கப்பட்ட வரலாற்றைத் தலைகுனியாது கற்பிக்க வல்லேமாயினேம். இவ்விடை பிற சமயத்தார் கோயிலுக்கும் ஒக்குமென்பதை மாத்திரம் யாம் எண்ணிப் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு விடுமுறையிலே மேல்வகுப்பு மாணாக்கர் முப்பத்தெண்மரை அழைத்துக்கொண்டு, துணையாசிரியர் இருவரோடு, பஸ்வண்டியிலே தலைநகர்க்குச் சென்றேம். "இலங்கையின் தலைநகர் கொழும்பு" என்பது பிள்ளைகள் மனனஞ்செய்த வாய்ப்பாடு. 1982 ஆம் ஆண்டு சித்திரை மாதம் 29 ஆந் திகதி தியவன்னா ஓயா நீர்நிலையின் நடுவே புதிய பாராளுமன்ற மாளிகை திறக்கப்பட்டது தொடக்கம் சட்டமன்றத் தலைநகராயுள்ளது ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டை என்பதை அவர்கள் நேரிற் கண்டு அறிந்தார்கள். ஜெப்ரி பாவா என்னுஞ் சிற்பவல்லுநர் வகுத்த அம்மாளிகையின் செப்புக்கூரைகள் நீரிலே நிழல்வீழ்த்தி நிற்றல் காண இனிதாயிருந்தது.

அப்புதிய தலைநகர் பழைய தலைநகரொன்றன் நிலத்திலேயே அமைந்தது. பதினைந்தாம் நூற்றாண்டிலே ஆறாம் பராக்கிரமபாகு அங்கிருந்து நாடாண்டான். புத்தரது தந்ததாதுவுக்கு அங்கே மாளிகை எடுத்தான். 1565 இல் அந்நகர் கைவிடப்பட்டது. இன்று அதன் மண்ணரணும் அகழியும் வீடுகளுக்கும் வீதிகளுக்கும் இடையே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. மதிலின் எச்சமொன்றைக் காட்டியபொழுது பையன் ஒருவன், "ஒரு தலைநகர் விட்டுச்சென்றது இவ்வளவுதானா, ஐயா?" என்றான். யாம் அவனுக்கு வேறொன்று கூறினேம். இக்கோட்டை அரசனின் படைத்தலைவனாய்ச் சென்று யாழ்ப்பாணத்தை வென்ற சப்புமல் குமாரனே பின்னர்ப் புவனேகவாகுவாக முடிசூடினான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே இன்றுங் கூறப்படும் கட்டியத்தில் வரும் புவனேகவாகு இவனே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். பௌத்த அரசவையிலிருந்து வாளேந்தி வந்தவன் பெயரை முருகன் சந்நிதியிலே நம்மவர் இன்றும் வாழ்த்துகின்றனர். மண்ணரண் தேய்ந்தது, கட்டியம் நின்றது. பையன் வியந்து கேட்டான்.

மறுநாட் காலை கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுரரைத் தரிசித்தேம். 1857 இலே பொன்னம்பல முதலியார் தாபித்து, பின்னர் அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லினால் மீளக் கட்டுவித்த திருக்கோயில் அது. வண்டிகளின் இரைச்சல் மிகுந்த தெருவிலிருந்து உள்ளே புகுந்ததும் கல்லின் குளிர்ச்சியினாற் பிள்ளைகள் தாமே மெளனமாயினர்.

பின்பு 1877 இலே திறக்கப்பட்ட நூதனசாலைக்குச் சென்றேம். அங்கே இரண்டு பொருள்கள் எம்மை நெடுநேரம் நிறுத்தின. ஒன்று காலியிலே 1911 ஆம் ஆண்டு மதகு மூடிய கல்லாய்க் கிடந்து கண்டெடுக்கப்பட்ட சாசனம். சீனக் கடற்றலைவன் செங் ஹோ கொணர்ந்த அக்கல் 1409 ஆம் ஆண்டுக்குரியது. ஒரு முகத்திலே மூன்று மொழிகள் உள்ளன. சீனமொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னவரை நாயனார்க்கும், பாரசீகப் பகுதி இசுலாமியர் தொழும் இறைவனுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுவது. மற்றையது பொலன்னறுவையிலே 1907 ஆம் ஆண்டை அடுத்து அகழ்ந்தெடுத்த செப்புத் திருமேனிகள். கூத்தப்பெருமானும் சமயகுரவரும் அங்கே எழுந்தருளியிருக்கின்றனர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் இவற்றைப்பற்றி ஆராய்ந்தெழுதியுள்ளார். ஈழத்துப் பௌத்தரோடு தில்லையிலே வாதுசெய்தவர் என்று புராணங் கூறும் மணிவாசகர் இங்கே புத்தர் படிமங்களுக்கு அயலிலே கைகூப்பத்தக்க கோலத்தோடு நிற்றலைப் பிள்ளைகளுக்குக் காட்டி நகைத்தேம். மீளும்வழியிற் பொலன்னறுவைக்குப் போவோம் என்றதும் அவர்கள் ஆரவாரித்தனர்.

பொலன்னறுவையிலே முதலிற் பார்த்தது இரண்டாம் சிவதேவாலயம் எனப்படுங் கற்றளி. சோழர் காலத்தே எடுக்கப்பட்ட அதன் பெயர் வானவன்மாதேவீச்சரம். அடிமுதல் சிகரம்வரை கல்லாலாகிய அது, செங்கற் கட்டடங்கள் பலவும் சிதைந்த அந்நகரிலே ஏறக்குறையப் பழுதின்றி நிற்கின்றது. "இது நம்மவர் கட்டியது" என்று யாம் கூறினேம். பிள்ளைகளின் முகம் மலர்ந்தது. எம் முகமும் மலர்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அங்கிருந்து இலங்காதிலகத்துக்குச் சென்றேம். இருபுறமும் உயர்ந்த செங்கற்சுவர்களின் நடுவே மிகப்பெரிய புத்தர் படிமம் தலையின்றி நிற்கின்றது. அதன் முன்னே சிங்களப் பாடசாலைச் சிறுவர் வெள்ளையுடை அணிந்து தாமரைப்பூ ஏந்தி அமைதியாய் நின்றனர். அவ்வேளையில் எம் உள்ளத்திலே ஓர் எண்ணம் எழுந்தது. அதனை மறைத்தல் தகாது. 'நம் கற்றளி நிற்கின்றது. இவர்கள் பெருமானுக்குத் தலையும் இல்லை' என்பதே அவ்வெண்ணம். எழுந்த கணத்திலேயே, நாற்பது ஆண்டுக்கு முன் எம்மை அழுவித்த ஆசிரியரின் குரல் அதுவே என்று அறிந்தேம், உடல் நடுங்கினேம். பன்னிரண்டு வயதிலே எமக்கு நஞ்சாயிருந்தது ஐம்பது வயதிற்குமேல் எம் வாயிலே இனித்தது.

அப்பொழுது மாணாக்கி ஒருத்தி அருகே வந்து, "ஐயா, அதைக் கட்டியவர் நம்மவர் என்றீர்கள். இவற்றை இடித்தவர் யார்?" என்று கேட்டாள்.

"காலம் இடித்தது, பிள்ளாய்" என்றேம்.

அவள் எம் முகத்தைப் பார்த்தாள். பின் யாதும் பேசாது மற்றைப் பிள்ளைகளோடு சென்றாள். கல்விகாரையிலே பாறையிற் செதுக்கிய நான்கு படிமங்களையும், பதினான்கு மீட்டர் நீளமுடைய கிடந்த திருக்கோலத்தையுங் கண்டபொழுதும் எம் மனம் அங்கில்லை. மன்னம்பிட்டிப் பாலத்தை இருளிலே கடந்து ஊருக்கு மீண்டோம். பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். யாம் எம் விடையை எண்ணிக்கொண்டு வந்தேம்.

காலம் இடித்தது என்பது முழுப்பொய்யன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பின் கைவிடப்பட்ட நகரைக் காடும் மழையும் பல நூற்றாண்டு தின்றன. ஆயினும் அரைமெய்யை முழுமெய்யாகக் கொடுத்தல் பொய்யே. 1017 ஆம் ஆண்டளவில் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்த சோழர் படை விகாரைகளைக் கொள்ளையிட்டதென்று சூளவமிசம் கூறும். பகைவர் எழுதியதெனத் தள்ளுதற்கும் இடமில்லை. ஈழத்தரசர் முடியைக் கவர்ந்ததை இராசேந்திரனுடைய மெய்க்கீர்த்தி தானே பெருமையாகப் பேசுகின்றது. 1215 இல் வந்த கலிங்க மாகன் தாதுகோபங்களை உடைத்தான், ஏடுகளைச் சிதறடித்தான் என்பதும் அந்நூலின் கூற்று. இம்மாகன் யாவன்? 1962 இலே அச்சேறிய மட்டக்களப்பு மான்மியம் மாகோன் என்று போற்றி, நம் நாட்டுக் கோயிலூழியங்களை வகுத்தவனாகக் கூறுபவன் இவனே என்பது அறிஞர் கொள்கை. எங்கள் ஊர்த் திருவிழா ஒழுங்கை வகுத்த கையும் பொலன்னறுவையில் ஏடுகளைச் சிதறடித்த கையும் ஒன்றாயின், அப்பிள்ளைக்கு யாம் யாது கூறுவது?

இனி வினாவை ஆராய்வாம்.

ஒருயிர் செய்த வினை அவ்வுயிரையே சாரும் என்பது நமது சித்தாந்தத் துணிபு. தந்தை உண்ண மைந்தன் பசியாறான். தந்தை நஞ்சுண்ண மைந்தன் மாளான். ஆதலின், சோழர் படையின் பாவமோ மாகனின் பாவமோ இன்று வாவிக்கரையிற் பிறந்த குழந்தையின்மேல் ஏறாது. அக்குழந்தையைக் குற்றவாளியென்று கூறுவோன் வினைக்கோட்பாட்டை அறியாதவன். இதுவரை ஐயமில்லை.

ஆயின், இந்த நியாயம் ஒருபுறம் மாத்திரம் வெட்டுவதன்று. அவர் தீவினை நம்மைச் சாராதாயின், அவர் நல்வினையும் நம்மைச் சாராது. கற்றளியின் முன்னே "நம்மவர் கட்டியது" என்று மார்புதட்டுதற்கு நமக்கு உரிமை யாது? அக்கல்லில் ஒன்றையேனும் நாம் சுமந்ததுண்டோ? புகழ் வரும்பொழுது "நம்மவர்" என்றும், பழி வரும்பொழுது "அவர்" என்றுங் கூறுதல், கொடுக்கும்போது சிறியதும் வாங்கும்போது பெரியதுமாகிய மரக்கால் வைத்திருக்கும் வணிகன் செயலேயாம்.

அவ்வாறாயின் முன்னோரை முற்றும் மறந்துவிடுவதோ? அதுவும் ஆகாது. வினை வழிவராது, ஆயினும் கடன் வழிவரும். இதற்கு உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. மட்டக்களப்புக் கோயில்களிலே வண்ணக்கர் என்னும் பதவி தாய்வழிக் குடிமுறையால் வருவது. அக்குடிக்குரிய முறையிலே பெயர்கூறிக் காளாஞ்சி கொடுத்தல் வழக்கம். காளாஞ்சியை இருகையாலும் வாங்கியவன், கோயிற் கணக்கேட்டைக் காட்டுக என்றபொழுது, "அந்தக் குறைவு என் மாமன் காலத்தது, எனக்கென்ன?" என்றால் சபை நகைக்கும். மாமன் எடுத்த பொருளுக்காக மருமகன் நரகம் புகான். எனினும் கணக்கிலே குறைவுண்டென்று ஒப்புதலும், இயன்றவளவு நிரப்புதலும், இனிக் குறையாது காத்தலும் அவன் கடன். மரியாதையும் கணக்கும் ஒருங்கே வருவன. ஒன்றை வாங்கி மற்றொன்றை விடல் கூடாது. வினை, புகழ், பழி என்பன செய்தவனுக்குரியன. மெய்யுரைத்தலும் காத்தலும் பெயரைத் தரித்தவனுக்குரியன. இதுவே எம் விடை.

இதற்கு ஆசிரியர் சிலர் தடை கூறுவர். "நாம் சிறு தொகையினர். நமது கோயில்களும் நூல்களும் பட்ட பாடு சிறிதன்று. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகத்திலே ஏறக்குறைய 97,000 நூல்கள் தீக்கிரையாயின. அக்காயம் ஆறாதிருக்க, எண்ணூறு ஆண்டுக்கு முந்திய பழியைப் பிள்ளைகளுக்கு ஏன் கூறல் வேண்டும்? மற்றையோர் தம் பிள்ளைகளுக்குத் தம் பழியைக் கூறுகின்றனரா?" என்பர்.

இத்தடை பொருளற்றதன்று. அந்நூலகம் எரிந்த கதையை எம் தந்தையார் கூறிய இரவு எமக்கு இன்றும் நினைவிலுண்டு. ஆயினும் எமக்கு அதனால் விளங்குவது வேறு. ஏடு எரிந்தால் எத்துணை நோகும் என்பதை நூலிற் படித்தன்றிப் பட்டறிந்தவர் நாம். பட்டறிந்தவனே பிறர் ஏடு சிதறிய செய்தியைக் கேட்டு நெஞ்சு நோதற்குரியவன். எண்ணூறு ஆண்டு சென்றதென்று கூறி ஒதுங்குதற்கும் இல்லை. 1998 ஆம் ஆண்டு தை மாதம் 25 ஆந் திகதி கண்டித் தலதா மாளிகையின் முன்னே, தமிழர் பெயராற் போர்செய்தோர் வைத்த குண்டு வெடித்து உயிர்கள் மாண்டன. அந்நாளை மனனஞ்செய்யாத சிங்களப் பிள்ளை இல்லை. 1981 ஐ அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. இருவரும் ஒருவர் நாளை மற்றவர் அறியாது வளர்வாராயின், பின்னும் எரிவதற்குக் கோயிலும் நூலகமும் இந்நாட்டில் உண்டு.

மற்றையோர் கூறுகின்றனரா என்பது நம் வினாவன்று. அயற்கோயில் வண்ணக்கர் கணக்குக் காட்டும்வரை நானும் காட்டேன் என்பவன் கள்வனென்றே கொள்ளப்படுவான். மேலும், நாம் மறைத்தாலும் நூல்கள் மறையா. ஆசிரியன் பொய் கூறினான் என்பதைப் பிள்ளை பிற்காலத்தில் நூலிற் கண்டறியுமாயின், அவன் கூறிய மெய்களையும் ஐயுறும். அவன் கற்பித்த சமயத்தையும் ஐயுறும். சைவத்தைக் காத்தற்குப் பொய் வேண்டுமென எண்ணுவோன் சைவத்தை மெய்யென்று நம்பாதவனேயாவான்.

இன்னுமொன்று. பிற சமயத்தோடு மாறுபடுதலை நமது சாத்திரம் விலக்கியதில்லை. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்திலே பௌத்தர் நால்வகையாரையும் மறுத்தார். எவ்வாறு மறுத்தார்? அவரவர் கொள்கையை முதற்கண் அவரவரே கூறுமாறு போல எடுத்துரைத்து, பின்பு நியாயத்தால் மறுத்தார். அவர் கையில் இருந்தது எழுத்தாணி, கடப்பாரையன்று. கடப்பாரை எடுத்தவன் தன் கொள்கைக்கு நியாயமில்லையென்பதைத் தானே ஒப்புக்கொண்டவனாகின்றான்.

நம் முன்னோருள் வேறுவகையினரும் இருந்தனர். 1006 இலே நாகபட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தவன் தஞ்சையிலே பெருங்கோயில் எடுத்த இராசராசனே. பொலன்னறுவையிலேயே தந்ததாதுக் கோயிலருகே தமிழ்ச் சாசனமொன்று நிற்கின்றது. முதலாம் விசயபாகுவின் காலத்தை அடுத்து வேளைக்காரர் என்னுந் தமிழ்ப்படையினர் அதனைப் பொறித்தனர். ஒருகாலத்தில் அவ்வரசனுக்கெதிராய்க் கிளர்ந்து அடக்கப்பட்ட அவர்களே, பின்னர் ஒருங்குகூடித் தந்ததாதுக் கோயிலுக்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் என்று தம் பெயரையே சூட்டி, தமக்குத் துன்பம் வரினும் அதன் ஊர்களையும் ஊழியரையும் அங்கே அடைக்கலம் புகுந்தோரையும் காப்பதாக உறுதிசெய்தனர். யாம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அச்சாசனத்தின் அருகாகவே நடந்தேம். நின்று வாசித்துக் காட்டினேமல்லேம். கற்றளியில் நின்ற பெருமிதத்திலே அது எம் கண்ணிற் படவில்லை.

வேளைக்காரரைக் கூறினோமாதலின் மாகனை மறைக்கலாம் என்று கருதற்க. நல்லோரைக் கூறித் தீயோரை மறைத்தல் மீண்டும் அந்த இரட்டை மரக்காலேயாகும். இருவரையும் ஒருங்கே கூறுதல் வேண்டும். அப்பொழுதே பிள்ளை, தன் பெயருடையார் இவ்விருவழியிலும் நடந்தனர் என்பதையும், எவ்வழி நடப்பதென்பது தன் கையிலுள்ளது என்பதையும் உணரும்.

விடுமுறை கழிந்து பாடசாலை தொடங்கிய திங்கட்கிழமை முதற்பாடவேளையில், வகுப்பின் முன்னே நின்று, பொலன்னறுவையிலே யாம் ஒரு பிள்ளைக்குப் பொய் கூறினேம் என்று ஒப்புக்கொண்டேம். மேலே எழுதியவற்றுள் அவர்களுக்கு விளங்கத்தக்கவற்றைக் கூறினேம். வகுப்பு ஓசையற்றிருந்தது. கோட்டையிலே கேள்வி கேட்ட பையன் எழுந்து, "அந்தச் சிங்களப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய ஆசிரியர் நம் நூலகத்தைப்பற்றிச் சொல்லியிருப்பாரா, ஐயா?" என்றான். "அறியேன்; நான் உனக்குத்தான் ஆசிரியன்" என்றேம். அம்மாணாக்கி மாத்திரம், பாடம் முடிந்தபின் மேசையருகே வந்து, "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, ஐயா, நாங்களும் ஒரு பூ வைத்திருப்போமே" என்றாள்.

அச்சொல்லுக்கு மேல் யாம் கூறத்தக்கது யாதுமில்லை. ஆசிரியர்களே, உங்கள் பிள்ளைகளைப் பொலன்னறுவைக்கு அழைத்துச் செல்லுங்கள். வானவன்மாதேவீச்சரத்தின் முன் சிவநாமத்தை உச்சரிக்கச் செய்யுங்கள். வேளைக்காரர் சாசனத்தை நின்று வாசித்துக் காட்டுங்கள். இலங்காதிலகத்திலே பிள்ளை வினாவினால் உள்ளதை உள்ளவாறே உரையுங்கள். பிறர் வணங்கும் இடத்திலே செருப்பைக் கழற்றிக் குரலைத் தாழ்த்தி நிற்றல் நம் சமயத்துக்கு இழுக்கன்று. எல்லாவுயிரையும் ஆட்கொள்ளுஞ் சிவபெருமான், நாம் பிள்ளைகளுக்கு மெய்யே உரைக்கும் வன்மையை நமக்குத் தந்தருள்வாராக.